பத்தியமும் பசியும்: குழந்தை மருத்துவ வரலாற்றில் ஒரு பகுதி

1. சொல்லும் பொருளும்

பத்தியம் என்னும் சொல் தமிழ் மக்கள் வழக்கில் நெடுங்காலமாகப் பயின்று வருவது. வழி எனப் பொருள்படும் வடசொல்லின் அடியாகப் பிறந்த இச்சொல், வழிக்கு ஒத்தது, உடற்குத் தக்கது என்னும் பொருள்களை முதற்கண் உடையது. அதன் மறுதலை அபத்தியம். ஆகவே வடமொழி மருத்துவ வழக்கில் பத்தியம் என்பது உண்ணத் தகுவதையே சிறப்பாகக் குறிக்கும். தமிழ் வழக்கிலோ பொருள் சற்றே பெயர்ந்துள்ளது. ஒருவர் பத்தியம் இருக்கின்றார் என்று கேட்ட அளவில், அவர் எதனை உண்கின்றார் என்பதினும் எதனை விலக்கினார் என்பதே நம் நினைவிற்கு வருகின்றது. கொடுப்பது ஒன்று, விலக்குவது ஒன்று என இச்சொல் இருபாலும் நோக்கி நிற்றலைக் காண்கின்றோம்.

பசியைப் பற்றியும் நம் முன்னோர் ஆழ்ந்து எண்ணியுள்ளனர். பசியை வயிற்றுத்தீ என்றும், உண்டது செரித்தலை அத்தீயின் தொழில் என்றும் கொண்டனர். திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து', முன் உண்டது செரித்து நன்கு பசித்த பின்னரே உண்ணல் வேண்டும் என்பதை வற்புறுத்துகின்றது. இவ்விதி பசி எழும் உடலுக்கு உரியது. நாள் முழுதும் உண்ணாதிருந்தும் பசியே எழாத குழந்தைக்கு யாது செய்வது? உணவைக் குறைத்து விதிக்கும் பத்தியம், முன்னமே உண்ண மறுக்கும் குழந்தையை மேலும் நலிவிக்காதோ? தாயர் அனைவர்க்கும் எழும் இவ்வினாவிற்குச் சீலியாக் நோயின் வரலாறு விடை தருகின்றது. மேனாட்டில் நிகழ்ந்த அவ்வரலாற்றைப் பசி ஒன்றனையே கருத்திற்கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

2. பழைய கிரேக்க மருத்துவம்

வயிறு எனப் பொருள்படும் 'கொய்லியா' என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து இந்நோய்ப் பெயர் பிறந்தது. உரோமப் பேரரசின் காலத்தில் வாழ்ந்த கப்பதோசிய நாட்டு அரிட்டேயஸ் என்னும் கிரேக்க மருத்துவர் இப்பெயரால் ஒரு நோயை விரித்துரைத்தார். அவர் நூலைப் பிரான்சிஸ் ஆடம்ஸ் ஆங்கிலத்தில் பெயர்த்து 1856இல் வெளியிட்டார். வயிற்றின் இயற்கை வெம்மை குன்றுதலால் உணவு அரைகுறையாகச் சமைந்து, உடலுக்குச் சாராகாமல் கழிந்துபோகின்றது என்பது அரிட்டேயஸ் கொண்ட கருத்து. வயிற்றுத்தீ என்னும் நம் நாட்டுக் கருத்தோடு இஃது ஒத்திருத்தல் நோக்கத்தக்கது. ஆயினும் அவர் இந்நோய் முதியோர்க்கும் பெண்டிர்க்கும் உரியது என்றே கருதினார். குழந்தைகளின் கழிச்சல் உணவுப் பிழையால் சிலகாலம் வந்து நீங்குவது என்றார். இந்நோய் வாய்ப்பட்ட குழந்தை மருத்துவர் கண்ணில் தெளிவாகப் படுவதற்குப் பல நூற்றாண்டுகள் சென்றன.

3. சாமுவேல் ஜீயும் சிப்பியுண்ட குழந்தையும்

இலண்டன் மாநகரில் சாமுவேல் ஜீ என்னும் மருத்துவர் 1887இல் இந்நோயைப் பற்றிச் சொற்பொழிவு நிகழ்த்தி, 1888இல் அதனைக் கட்டுரையாக வெளியிட்டார். எவ்வகை அகவையினர்க்கும் இது வரும் என்றும், ஒன்று முதல் ஐந்து அகவைக்குட்பட்ட குழந்தைகளையே மிகுதியாகப் பற்றும் என்றும் அவர் எழுதினார். வெளிறிய, மிகுந்த, நாற்றமுள்ள கழிச்சல், மெலிந்த கைகால்கள், புடைத்த வயிறு ஆகியவற்றை அவர் திறம்பட விளக்கினார். இந்நோய் தீருமாயின் உணவு முறையாலேயே தீரும் என்று தெளிந்தமை அவர்தம் பெருமை.

ஆனால் எவ்வுணவு என்பதில் அவர் வழி தடுமாறியது. அரிசி, சவ்வரிசி போன்ற மாவுப் பொருள்களைத் தகாதன என்று விலக்கினார்; ரொட்டியை மெல்லியதாக அரிந்து இருபுறமும் நன்கு வாட்டிக் கொடுக்கலாம் என்றார். இன்று நாம் அறிந்த அளவில், தீங்கற்ற அரிசி விலக்கப்பட்டது. தீங்கின் வேராகிய கோதுமை உணவோ விடப்பட்டது.

அக்கட்டுரையில் வரும் ஒரு குழந்தையின் செய்தி நம் ஆராய்ச்சிக்கு மிக இன்றியமையாதது. நாளொன்றுக்கு ஒரு குவார்ட்டு அளவு, அஃதாவது ஒரு லிட்டருக்குச் சற்று மிகுதியாக, ஆலந்து நாட்டுக் கடற்சிப்பி அக்குழந்தைக்கு ஊட்டப்பட்டது. குழந்தை வியக்கத்தக்கவாறு தேறியது. சிப்பிப் பருவம் கழிந்ததும் நோய் மீண்டது. அடுத்த ஆண்டுப் பருவம் வந்தபோது, எவ்வளவு வற்புறுத்தியும் அக்குழந்தை சிப்பியைத் தொட மறுத்துவிட்டது. அச்சோதனையை மீண்டும் செய்துபார்க்கத் தமக்கு இயலவில்லை என்று ஜீ எழுதியுள்ளார்.

இச்சிறு செய்தியுள் இரண்டு உண்மைகள் பொதிந்துள்ளன எனக் கருதுகின்றோம். ஒன்று, சிப்பியால் வயிறு நிறைந்த காலத்தில் ரொட்டிக்கு இடமில்லாமற் போயிருத்தல் கூடும். நலம் தந்தது சிப்பி அன்று, ரொட்டியின் இன்மையே. மற்றொன்று, பயன் தரும் பத்தியமும் குழந்தையின் விருப்பத்தை வெல்லாதாயின் நிலைபெறாது. முதல் உண்மையை மருத்துவ உலகம் உணர அறுபது ஆண்டுகள் ஆயின. இரண்டாவதை இன்றும் பலர் மறந்துவிடுகின்றனர்.

4. வாழைப்பழப் பத்தியம்

அமெரிக்க நாட்டில் சிட்னி ஹாஸ் என்னும் குழந்தை மருத்துவர் 1924இல் வாழைப்பழத்தின் பயனைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் வாழைப்பழத்தை நாடியதற்குத் தூண்டுகோல் பசியே என்பது குறிப்பிடத்தக்கது. பசியின்மையால் நலிந்த ஒரு குழந்தைக்கு முன்னர் அவர் வாழைப்பழம் கொடுத்து வெற்றி கண்டிருந்தார். அதனை நினைந்தே சீலியாக் நோயுற்ற குழந்தைகளுக்கும் அம்முறையைக் கையாண்டார். அவர் கூறிய பத்துப் பேருள் இப்பத்தியம் மேற்கொண்ட எட்டுப் பேர் தேறினர். மேற்கொள்ளாத இருவர் இறந்தனர்.

இப்பத்தியத்தில் ரொட்டி, பிஸ்கட்டு, உருளைக்கிழங்கு, தானியங்கள் அனைத்தும் விலக்கப்பட்டிருந்தன. குழந்தைகள் பசித்து உண்ணத் தொடங்கினர், எடை கூடியது. எனினும் ஹாஸ், நன்மை செய்தது வாழைப்பழத்தின் தனியாற்றல் என்றே நம்பினார். மேலே காட்டிய சொல்லாராய்ச்சியின்படி கூறுவதாயின், கொடுத்த பத்தியத்தைக் கண்டார். விலக்கிய அபத்தியத்தைக் காணாதொழிந்தார். இப்பிழை சொல்லளவில் நின்றதன்று. நோய் முற்றும் நீங்கியது என எண்ணிப் பழைய உணவிற்குத் திரும்பிய குழந்தைகள், தம் குடலைக் கெடுக்கும் பொருளையே மீண்டும் உண்டனர். வாழைப்பழம் பல உயிர்களைக் காத்தது என்பதும் உண்மை. காரணம் அறியாமையால் அந்நலம் நிலைபெறாது போயிற்று என்பதும் உண்மை.

5. டிக்கெயும் பஞ்ச காலமும்

காரணம் கண்டவர் ஆலந்து நாட்டு வில்லெம் காரெல் டிக்கெ. 1905இல் பிறந்த இவர், ஹேக் நகரத்து ஜூலியானா குழந்தை மருத்துவமனையில் பணியாற்றி, 1936இல் அதன் தலைவரானார். ரொட்டியை நீக்கியவுடன் தன் குழந்தையின் நிலை திருந்தியது என்று ஒரு தாய் கூறியதை இவர் புறக்கணிக்கவில்லை என்பர். நோயுற்ற குழந்தைகளுக்குக் கோதுமையை நீக்கியும் மீண்டும் கொடுத்தும், ஒவ்வொருவரையும் நெடுநாள் நோக்கி வந்தார். 1941இல் எளிய உணவு முறை ஒன்றை வெளியிட்டார்.

இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், மேற்கு ஆலந்தைக் கொடும் பஞ்சம் பற்றியது. நேசப் படைகளுக்குத் துணையாக இருப்புப்பாதைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்ய, ஜெர்மானிய ஆட்சியினர் உணவுப் போக்குவரவைத் தடுத்தனர். 1944 நவம்பரில் நகர மக்களின் பங்கீட்டுணவு நாளொன்றுக்கு 1000 கலோரிக்கும் கீழே இறங்கியது. மக்கள் சர்க்கரைவள்ளிக் கிழங்கினும் சுவை குன்றிய சர்க்கரைப் பீட்டையும், துலிப்பு மலர்ச்செடியின் கிழங்கையும் உண்டு உயிர் தாங்கினர். ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர்.

நாடே பசியால் வாடிய அக்காலத்தில், சீலியாக் நோயுற்ற குழந்தைகள் கெடாதிருந்தமை டிக்கெயின் கருத்தை உறுதிப்படுத்தியது. ரொட்டி மீண்டும் கிடைத்தபோது அவர்கள் நோய் திரும்பியது. உணவு குறைந்த காலத்தில் நலமும், உணவு வந்த காலத்தில் நோயும் நேர்ந்த இம்முரண்பாடு, பத்தியத்தின் சிறப்பு அளவில் இல்லை, பொருளில் உள்ளது என்பதைப் புலப்படுத்திற்று. ஆயினும் பஞ்சமே மருந்தைக் கண்டுபிடித்தது என்று கூறுதல் பொருந்தாது. அதற்குப் பல்லாண்டுகள் முன்னரே டிக்கெ தம் சோதனைகளைத் தொடங்கியிருந்தார். பஞ்சம் அவற்றிற்குச் சான்று பகர்ந்தது.

1950இல் உட்ரெக்டுப் பல்கலைக்கழகத்தில் டிக்கெ அளித்த டாக்டர் பட்ட ஆய்வுரையில், கோதுமையும் ரை என்னும் தானியமும் தீங்கு செய்வன என்றும், அரிசியும் மக்காச்சோளமும் தீங்கற்றன என்றும் நிறுவினார். குழந்தைகளின் வளர்ச்சியைக் கோடுகளாக வரைந்து காட்டினார். வெய்யர்ஸ், வான் தெ காமர் ஆகியோர் துணையால் மலத்திற் கழியும் கொழுப்பின் அளவும் கணக்கிடப்பட்டது. 1952இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் சார்லட் ஆண்டர்சன் முதலானோர், கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் பசைப் புரதமே தீங்கின் இருப்பிடம் என்று காட்டினர். டிக்கெ 1962இல் மறைந்தார்.

6. பசி நீங்குதலும் மீளுதலும்

உண்டதைக் குடல் ஏற்காமையால் உடல் வாடும்போது, பசி மிகுதலன்றோ இயல்பு, குறைவானேன் என்று கேட்கலாம். பசி வயிற்றின் வெறுமையால் மட்டும் எழுவதன்று. 1954இல் பாலி என்னும் மருத்துவர் அறுவையின்போது எடுத்த குடற்பகுதியில் அழற்சியைக் கண்டார். 1956இல் மார்கட் ஷைனர், வாய்வழியே குழாய் செலுத்திச் சிறுகுடலின் துணுக்கை எடுக்கும் முறையை வகுத்தார். சாரத்தை உறிஞ்சும் விரல் போன்ற நுண்ணுறுப்புகள் இந்நோயில் தேய்ந்து தட்டையாதல் அதன் பின்னர்த் தெளிவாயிற்று. அழற்சியுற்ற உடலிலிருந்து எழும் வேதிப்பொருள்கள் மூளையை எட்டிப் பசியை அடக்குகின்றன. புடைத்த வயிறும் குமட்டலும் உணவின்பால் வெறுப்பை வளர்க்கின்றன. உண்டால் துன்பம் என்று பழகிய குழந்தை, தட்டைக் கண்டதும் முகம் திருப்புகின்றது. இதனைப் பிடிவாதம் என்று கடிதல் அறியாமை.

குளூட்டன் நீங்கிய உணவு தொடங்கிய பின், பெரும்பாலான குழந்தைகளிடம் சில கிழமைகளுள் சிடுசிடுப்புக் குறைந்து பசி எழுகின்றது. எடையும் உயரமும் பின்னர்ப் பல திங்களில் மீள்கின்றன. குடலின் உட்புறம் முற்றும் செம்மையுறுதற்கு அதனினும் நெடுங்காலம் ஆதல் உண்டு. இடைக்காலத்தில் சில குழந்தைகள் முன்னிலும் மிகுதியாகக் கேட்டு உண்ணுதல், இழந்த வளர்ச்சியை உடல் ஈட்டிக் கொள்ளும் முயற்சியாகும், அதற்கு அஞ்சவேண்டுவதில்லை.

இதற்கு மாறாகப் பசி எழுந்தும் உண்ண மறுக்கும் குழந்தைகளும் உளர். விரும்பிய ரொட்டியும் பிஸ்கட்டும் பறிபோக, அறியாத உணவு முன்வைக்கப்படுகின்றது. பிற குழந்தைகள் உண்பது தனக்கு மறுக்கப்படுகின்றது. எனவே 'வேண்டா' என்னும் ஒரு சொல்லையே குழந்தை இரு நிலைகளில் கூறுகின்றது. பத்தியத்திற்கு முன் கூறுவது குடலின் மறுப்பு. பின் கூறுவது நாவின் மறுப்பு, அல்லது மனத்தின் மறுப்பு. முன்னதற்குப் பொருளை விலக்குதல் மருந்து. பின்னதற்குப் பொறுமையும், பல்வகை உணவும், வீட்டார் அனைவரும் உடன் உண்ணுதலும் மருந்து. ஜீயின் சிப்பிக் குழந்தை இரண்டாம் ஆண்டில் கூறியது இப்பின்னைய மறுப்பே எனலாம்.

பசி மீண்டது என்பதொன்றையே கொண்டு நோய் இன்னதென்று முடிவு கட்டுதலும் ஆகாது. ஹாஸ் கண்ட சான்று மெய். அதிலிருந்து அவர் கொண்ட முடிபே பிழைபட்டது. இன்று குருதிச் சோதனையும், வேண்டுமிடத்துக் குடல் துணுக்குச் சோதனையும் உள்ளன. அவை குழந்தை கோதுமை உண்டுவரும் காலத்திலேயே செய்யப்பட வேண்டும். முன்னரே விலக்கிவிட்டால் நோயின் அடையாளங்கள் மறைந்து போகும். காரணமின்றி உணவு பலவற்றை ஒருங்கே விலக்குவதால் வளரும் குழந்தையின் எடை குன்றவும், உணவைக் குறித்த அச்சம் வேரூன்றவும் கூடும். எனவே பத்தியம் மருத்துவர் துணையோடு தொடங்கத் தக்கது.

7. முடிபு

இந்நோய் மேனாட்டார்க்கு மட்டும் உரியதன்று. 2016இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, வட இந்தியாவில் நூற்றுவருள் ஒருவர்க்குச் சற்று மேலும், தென்னிந்தியாவில் ஆயிரவருள் ஏறத்தாழ ஒருவர்க்கும் இந்நோய் உண்டெனக் கூறியது. அரிசியுண்ணும் நாட்டில் இது குறைந்து காணப்படுதலின், நம்மிடையே ஐயுறப்படாமலே போதலும் கூடும்.

மேலே ஆராய்ந்தவற்றால் புலனாவது யாதெனின், பத்தியம் தொடங்கிய குழந்தையின் பசி மாறுதல் ஒரு செய்தி. அச்செய்தியைப் பெற்றதும் கொடுத்தது யாது என்று வினவுவதோடு நில்லாது, விலக்கியது யாது என்றும் வினவுதல் வேண்டும். ஜீயும் ஹாஸும் முதல் வினாவோடு நின்றனர். டிக்கெ இரண்டாவதையும் வினவினார். ஒரு தாயின் சொல்லுக்கும் அதில் இடம் கொடுத்தார். பத்தியம் என்னும் ஒரு சொல்லுள் தக்கதையும் தகாததையும் ஒருங்கே எண்ணும் தமிழ் வழக்கு, அவ்விரு வினாவையும் நமக்கு என்றும் நினைவுறுத்த வல்லது.