கோபுரத்தைக் குறியாகக் கொண்டோர்

குமரிக் கடற்கரையின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் 1544-ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவர். அவ்வாண்டில்தான் புனித சவேரியார் திருவிதாங்கூர்க் கரையோர மீனவ மக்களுக்குப் பெருந்திரளாகத் திருமுழுக்கு அளித்தார். அம்மக்களின் ஆலயங்களைப் பற்றி நாம் மிகுதியாக எழுதியுள்ளோம்; அவ்வாலயங்களைத் தாங்கிய உழைப்பைப் பற்றி எழுதியதோ மிகக் குறைவு.

அவ்வுழைப்பின் துணை கட்டுமரம். செதுக்கிய மரங்களைக் கயிற்றால் இறுகப் பிணைத்ததே அது. இடுக்குகளின் வழியே நீர் ஏறி இறங்குமாதலால் எளிதில் மூழ்காது. ஆயினும் அதன்மேல் மண்டியிட்டுத் துடுப்புப் போடுபவரின் உடல் கரை சேரும்வரை நனைந்தபடியே இருக்கும். கரை சேர்ந்த பின்னும் ஓய்வில்லை. ஊறிக் கனத்த மரங்களை அவிழ்த்து, மணலில் உலர்த்தி, மீண்டும் பிணைக்க வேண்டும்.

கடலடியில் மறைந்திருக்கும் பார்களை அவர்கள் கண்டது எவ்வாறு? கரையிலுள்ள ஆலயக் கோபுரத்தையும் அதன் பின்னுள்ள மலைமுகட்டையும் ஒரே நேர்கோட்டில் கொண்டுவருவர். மற்றொரு திசையில் வேறு இரு குறிகளை அவ்வாறே பொருத்துவர். இரு கோடுகளும் சந்திக்கும் இடமே மீன் தங்கும் பார். செபிப்பதற்கென அவர்கள் எழுப்பிய கோபுரமே கடலில் வழிகாட்டியுமாயிற்று. இவ்வறிவை ஏட்டில் எழுதாமல் தந்தை மகனுக்குக் கடலிலேயே கற்பித்தார்.

1953-இல் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் இந்திய-நார்வே திட்டம் தொடங்கியது. விசைப்படகுகள் வந்தன, இறால் ஏற்றுமதி பெருகிற்று. இழுவைமடிகள் கரையோரக் கடலின் தரையை வாரின; சிறுதொழில் மீனவரின் வலைகள் அறுபட்டன. மோதல்கள் மூண்டன. கரையிலிருந்து 3 கடல் மைல் தொலைவுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிப்பதைத் தடுக்கும் தமிழகச் சட்டம் 1983-இல்தான் பிறந்தது. அந்த எல்லையும் அடிக்கடி மீறப்பட்டது.

கலங்கள் மாறின, ஆபத்து மாறவில்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வீசியபோது கடலிலிருந்த குமரி மீனவர் பலர் திரும்பவில்லை. பலருடைய உடலும் கிடைக்கவில்லை. கல்லறைத் திருநாளில் நாம் மலர் வைக்க அவர்களுக்கு ஒரு பிடி மண்ணும் இல்லை.

எனவே நமக்கு ஒரு கடமை உண்டு. கட்டுமரம் செலுத்திய முதியோர் சிலர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். திருப்பலி முடிந்ததும் அவர்கள் அருகே சற்று அமர்வோம். அவர்கள் அறிந்த பார்களையும் குறிகளையும் கேட்டு எழுதி வைப்போம். கடலிலிருந்து அவர்கள் நம் கோபுரங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தனர். கோபுரத்தின் அடியில் நின்ற நாம் அவர்களைப் பார்த்தோமா?