ஒரு பள்ளியும் அதன் மாணவர் இதழும்

ஒரு பள்ளிக்கூடத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் வழக்கமாக மூன்று இடங்களில் தேடுவர். அடிக்கல்லில் பொறித்த எழுத்து ஒன்று. தலைமையாசிரியர்களின் பெயர்ப் பட்டியல் மற்றொன்று. பின்னாளில் புகழெய்திய மாணவர்களின் படங்கள் மூன்றாவது. நான்காவதாகவும் ஓர் இடம் உண்டு. அது மாணவர்கள் தாமே எழுதி வெளியிடும் இதழ். பெரியவர்கள் தங்கள் பள்ளியைப் பற்றி என்ன சொல்ல விரும்பினார்கள் என்பதை முதல் மூன்றும் கூறும். பிள்ளைகளின் மனத்தில் என்ன இருந்தது என்பதை அறிய நான்காவதைத்தான் நாட வேண்டும். அமெரிக்க நாட்டிலே, சிகாகோ மாநகருக்கு மேற்கே, ஓக் பார்க் என்ற புறநகரில் உள்ள உயர்நிலைப் பள்ளியை இந்தக் கண்கொண்டு பார்ப்போம்.

சிகாகோவின் நடுப்பகுதியிலிருந்து ஓக் பார்க் எட்டு, ஒன்பது மைல் தொலைவில் உள்ளது. 1848-இல் இரயில் பாதை அவ்வழியே வந்தது. 1871-இல் சிகாகோவைப் பெருந்தீ அழித்தபோது, வசதியுள்ள குடும்பங்கள் பல புறநகர்களை நாடின. ஏறத்தாழ அந்த ஆண்டுகளில்தான் இவ்வூரில் உயர்நிலைக் கல்வியும் தொடங்கிற்று. 1902-இல் ஓக் பார்க் தனி ஊராட்சி பெற்றது. ஸ்கோவில் தெருவில் இன்றும் நிற்கும் பள்ளிக் கட்டிடம் 1907-இல் திறக்கப்பட்டது. பக்கத்து ஊரான ரிவர் ஃபாரஸ்டும் இதில் பங்கு கொண்டமையால், ஓக் பார்க் ரிவர் ஃபாரஸ்ட் உயர்நிலைப் பள்ளி என்பது இதன் முழுப் பெயர். தேவாலயங்கள் மிகுந்த ஊர். ஒழுக்கத்தில் கண்டிப்பான ஊர். 1973 வரை அங்கே மது விற்க அனுமதியில்லை என்றால், அவ்வூர்ப் பெரியோரின் மனப்போக்கை நாம் ஊகித்துக் கொள்ளலாம்.

இங்கே ஒரு செய்தியை நினைவிற் கொள்ள வேண்டும். அமெரிக்கப் பொதுப் பள்ளி, ஊரார் தம் வீட்டுக்கும் நிலத்துக்கும் செலுத்தும் வரியால் நடப்பது. அவ்வூரில் குடியிருப்போரின் பிள்ளைகளுக்கு அது உரியது. ஆகவே எந்தப் பள்ளியில் படிப்பது என்பதை எந்த ஊரில் வீடு கிடைக்கிறது என்பதே முடிவு செய்கிறது. கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ஆனால் அந்தக் கதவு வரை செல்லும் தெருவில் வீடு வேண்டும். இப்பள்ளியின் கதை முழுவதும் இந்த ஒரு முடிச்சிலே அடங்கியிருக்கிறது.

1913-இல் இப்பள்ளியில் சேர்ந்தார் எர்னெஸ்ட் ஹெமிங்வே. இவருடைய தமக்கை மார்ஸலினும் அதே வகுப்பில் படித்தார். கால்பந்து, நீச்சல், ஓட்டப் பந்தயம் என்று மைதானத்தில் பல விளையாட்டுகள். மாலை நேரத்தில் வாத்தியக் குழுவில் செல்லோ வாசிப்பு. அந்நாளைய மாணவர் வாழ்வு இவ்வாறு நிறைந்திருந்தது. எல்லாவற்றிலும் சிறந்தது ஆங்கில வகுப்பு. ஃபானி பிக்ஸ் என்ற ஆசிரியை தம் வகுப்பை ஒரு செய்தித்தாள் அலுவலகம் போலவே நடத்தினார். நன்றாக எழுதிய மாணவர்களின் படைப்புகள் 'டிராபீஸ்' என்னும் பள்ளிச் செய்தித்தாளுக்கும் 'டாபுலா' என்னும் இலக்கிய இதழுக்கும் சென்றன. டிராபீஸில் ஹெமிங்வே எழுதியவை முப்பதுக்கும் மேல். பின்னாளில் 1954-இல் நோபெல் பரிசு பெற்றவரின் எழுத்துப் பயிற்சி, இசைக் கச்சேரிச் செய்தியிலும் பந்தயச் செய்தியிலும்தான் தொடங்கியது.

1916 ஏப்ரல் மாதத்து டாபுலாவில் அவர் ஒரு சிறுகதை எழுதினார். அப்போது அவருக்கு வயது பதினாறு. 'நிற விவகாரம்' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். குத்துச்சண்டை வீரன் ஒருவனின் வலக்கை பழுதுபட்டிருக்கிறது. எதிராளியோ கறுப்பர். பந்தயப் பணத்தைக் காப்பாற்ற எண்ணி, மேடைத் திரைக்குப் பின்னே ஒருவனைத் தடியுடன் மறைத்து வைக்கிறார்கள். கறுப்பு வீரன் திரையோரம் வரும்போது அவன் தலையில் ஓர் அடி வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. திரைக்குப் பின்னிருந்தவனோ தங்கள் ஆளான வெள்ளை வீரனையே அடித்து வீழ்த்தி விடுகிறான். காரணம் கேட்டால், தனக்கு நிறக்குருடு என்கிறான்!

கதை இவ்வளவே. நகைச்சுவைக்காக எழுதிய சிறுவனின் கதை. இதில் ஆழ்ந்த பொருள் ஏதும் அவர் வைத்திருக்க மாட்டார். அன்று அவ்வூரில் கறுப்பின மக்கள் மிகச் சிலரே இருந்தனர். ஆதலால் நிறம் என்பது அம்மாணவர்களுக்கு வேடிக்கைக் கதைக்குரிய பொருளாகவே இருந்தது. ஆயினும் அந்தத் தலைப்பை ஊர் பின்னால் வேறு வகையில் படிக்க நேர்ந்தது.

1917-இல் ஹெமிங்வே பள்ளிப் படிப்பை முடித்தார். மறு ஆண்டு இத்தாலியப் போர்முனையில் செஞ்சிலுவை ஊழியராக இருந்தபோது படுகாயமுற்றார். 1919-இல் ஊர் திரும்பியதும் தம் பழைய பள்ளி மாணவர் கூட்டத்தில் பேசினார். குண்டுச் சில்லுகள் துளைத்த காற்சட்டையை எடுத்துக் காட்டினார். பள்ளி அவரைக் கொண்டாடியது.

முப்பது ஆண்டுகள் சென்றன. 1950-இல் பெர்சி ஜூலியன் என்ற வேதியியல் அறிஞர் ஓக் பார்க்கில் ஒரு வீடு வாங்கினார். கண் நோய்க்கு மருந்தாகும் பைசாஸ்டிக்மின் என்னும் பொருளை 1935-இல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியவர் அவர். சோயா மொச்சையிலிருந்து ஹார்மோன் மருந்துகள் செய்ய வழி கண்டவர். ஆனால் அவர் கறுப்பர். குடியேறுமுன்பே, அவ்வாண்டு நன்றி நவிலும் திருநாளன்று, அவ்வீட்டுக்குத் தீ வைக்க முயன்றனர். 1951 ஜூனில் வெடி வீசினர். பெற்றோர் வெளியூர் சென்றிருந்தனர். குழந்தைகள் வீட்டினுள் இருந்தனர். நல்வினைப் பயனாக யாருக்கும் ஊறு நேரவில்லை. ஜூலியன் அஞ்சி ஓடவில்லை. இரவில் தம் வீட்டைத் தாமே காவல் காத்தார். ஊரில் நல்லோர் பலர் அவருக்குத் துணை நின்றனர் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அதே பத்தாண்டில், யுகோஸ்லாவியாவிலிருந்து வந்த சார்லஸ் சிமிக் என்ற இளைஞர் இதே பள்ளியில் படித்து 1956-இல் வெளியேறினார். ஆங்கிலத்தைப் பின்னால் கற்றுக் கவிஞராகி, 2007-இல் அமெரிக்காவின் அரசவைக் கவிஞரானார். கடல் கடந்து வந்த பிள்ளைக்குத் திறந்த ஊர், தன் நாட்டிலேயே பிறந்த அறிஞரை வெடி வீசி வரவேற்றது. இந்த முரணை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஊர் எண்ணிப் பார்த்தது என்பதுதான் மகிழ்ச்சிக்குரியது. எல்லைத் தெருவுக்குக் கிழக்கே, சிகாகோவின் ஆஸ்டின் பகுதியில், கறுப்பர் குடியேறக் கண்டதும் வெள்ளையர் அவசரமாக வீடுகளை விற்று வெளியேறினர். அந்த அச்சத்தைத் தூண்டிவிட்டே தரகர்கள் பொருள் ஈட்டினர். ஓக் பார்க் வேறு வழியை நாடியது. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் நிற வேற்றுமை கூடாது என்று 1968-இல் ஊர்ச் சட்டம் செய்தது. இரு இனத்தாரும் ஊரெங்கும் கலந்து வாழ வழிகாட்டும் வீட்டு வசதி மையம் ஒன்று 1972-இல் தோன்றிற்று. தெருவில் வீடு கிடைத்தது. ஆகவே பள்ளிக் கதவும் உண்மையாகவே திறந்தது.

ஆனால் கட்டிடத்தினுள் இன்னொரு கதவு இருந்தது. ஒரே பாடத்துக்குச் சாதாரண வகுப்பு, உயர்தர வகுப்பு என்று பிரிவுகள் இருந்தன. உயர்தர வகுப்புகளில் பெரும்பாலும் வெள்ளை மாணவர். மற்றவற்றிலே கறுப்பு மாணவர் மிகுதி. மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் ஒரே வாயிலில் நுழைந்து, வெவ்வேறு அறைகளுக்குப் பிரிந்து சென்றனர். ஸ்டீவ் ஜேம்ஸ் என்னும் திரைப்பட இயக்குநர், தம் பிள்ளைகளையே அப்பள்ளியில் படிக்க வைத்தவர், 2015-16 கல்வியாண்டு முழுவதும் மாணவர் வாழ்வைப் படம் பிடித்து, 2018-இல் பத்துப் பகுதிகளாக வெளியிட்டார். அதிலே உள்ளத்தைத் தொடும் காட்சிகள், மாணவர்கள் மேடையேறித் தம் கவிதையைத் தாமே உரைக்கும் காட்சிகள். ஆசிரியர் அறியாததை, பெற்றோர் கேளாததை, அவர்கள் அங்கே கூறினர். 2022-இல் ஒன்பதாம் வகுப்புப் பாடங்கள் பலவற்றில் அந்தப் பிரிவை நீக்கும் திட்டத்தைப் பள்ளி தொடங்கியது. அதன் பயனைக் காலம்தான் அளந்து சொல்ல வேண்டும்.

1916-இல் நிறத்தை வைத்து ஒரு மாணவன் வேடிக்கைக் கதை எழுதினான். நூறு ஆண்டுகளுக்குப் பின் அதே பள்ளியில், நிறத்தைத் தம் வாழ்வாகவே அறிந்த மாணவர்கள் அதைத் தம் சொல்லால் எடுத்துரைத்தனர். இரண்டுக்கும் இடம் தந்தது ஒரே பள்ளி. கண்டதைக் கண்டபடி எழுது என்று கற்பிக்கும் பள்ளிக்கு ஓர் இடையூறு உண்டு: என்றேனும் ஒருநாள் பிள்ளைகள் பள்ளியைப் பற்றியே கண்டதை எழுதி விடுவர். அதைப் படிக்கும் துணிவும் படித்தபின் திருத்திக் கொள்ளும் மனமும் உள்ள பள்ளியே, அடிக்கல்லில் பொறித்த ஆண்டைக் காட்டிப் பெருமை கொள்ளத் தகுதி உடையது.