முதலாளியின் பணபக்தி: 'பியார் கியே ஜா'வின் நகைச்சுவை பற்றி

ஸ்ரீதர் இயக்கி 1966இல் வெளிவந்த இந்திப் படம் 'பியார் கியே ஜா'. அதற்கு வந்த பாராட்டில் பெரும்பங்கு மெஹ்மூதுக்குப் போயிற்று. சிறந்த நகைச்சுவை நடிகருக்கான ஃபிலிம்ஃபேர் விருதும் அவருக்கே கிடைத்தது. தகுதியான விருதுதான். ஆயினும் படத்தின் சிரிப்பு எங்கே பிறக்கிறது என்பதற்கு அந்த விருது விடையாகாது. முதலாளி ஒருவரின் பணபக்தியே அதன் ஊற்று. படம் மொழி கடந்து நின்றதும் அதனால்தான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இதன் தமிழ் மூலப்படம், ஸ்ரீதரே சித்ராலயா நிறுவனத்தின் சார்பில் 1964இல் எடுத்த 'காதலிக்க நேரமில்லை'. கதையில் சித்ராலயா கோபுவுக்கும் பங்குண்டு. எஸ்டேட் முதலாளியின் மகள்களோடு ஏற்பட்ட தகராறில் வேலை இழக்கும் இளைஞன், பங்களாவுக்கு எதிரிலேயே கூடாரம் போட்டு வேலை கேட்கிறான். பிறகு இளைய மகளைக் காதலித்து, தன்னைக் கோடீஸ்வரர் மகன் என்கிறான். நண்பனுக்குக் கிழவேடம் கட்டி அப்பாவாக அழைத்துவருகிறான். முதலாளியின் நடை, குரல், உபசாரம் எல்லாம் அந்த நொடியில் மாறிவிடுகின்றன. இளைஞன் அதே இளைஞன்தான். அவனுக்கு இருப்பதாகச் சொல்லப்படும் சொத்துதான் புதிது.

வாலாஜாபேட்டையிலிருந்து ஆம்பூர் வரை நீளும் தோல் தொழில் வட்டாரத்தில் இருந்துகொண்டு பார்க்கும்போது, அந்தக் கூடாரத்தை வெறும் காதல் உத்தியாகக் கடந்துபோக முடியவில்லை. வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவன் முதலாளியின் வாசலில் உட்காருவது என்றால் என்ன என்று ஷூ கம்பெனிச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் ஊர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. காதல் நகைச்சுவையின் தொடக்கத்திலேயே இப்படியொரு உழைப்புத் தகராறை வைத்த துணிச்சலை விமர்சகர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்றே கருதுகிறேன். படத்தில் வில்லன் இல்லை. முதலாளி கெட்டவரும் அல்லர். அவர் கேட்க விரும்பியதையே பொய்யும் சொல்கிறது, அதனால் நம்புகிறார்.

புகழ்பெற்ற திகில்கதைக் காட்சியையும் இந்தக் கோணத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். முதலாளியின் மகன் சினிமா எடுக்கத் துடிப்பவன். அவன் தன் அப்பாவிடம் கதை சொல்கிறான். தமிழில் சொன்னவர் நாகேஷ், கேட்டவர் டி.எஸ். பாலையா, இந்தியில் மெஹ்மூதும் ஓம் பிரகாஷும். சொல்பவர் ஓசைகளாலும் கைகளாலும் ஓர் உலகத்தை எழுப்புகிறார். ஆனால் காட்சியைத் தாங்குவது கேட்பவரின் முகம். அலட்சியம் குறைந்து அச்சம் ஏறும் ஒவ்வொரு படியும் அந்த முகத்தில்தான் தெரிகிறது. பாலையாவுக்குத் தமிழ் ரசிகர்கள் தந்த இடத்தை ஓம் பிரகாஷுக்கும் தரவேண்டும். இன்னொன்று: சொந்த மகனின் படத்துக்குக் காசு தர மறுக்கும் இதே மனிதர்தான் முன்பின் தெரியாத போலிக் கோடீஸ்வரரிடம் உருகிப்போகிறார்.

ஸ்ரீதர் முன்பு இந்திக்குக் கொண்டுசென்ற 'நஸ்ரானா'வும் (1961) 'தில் ஏக் மந்திர்'உம் (1963) கண்ணீர்க் கதைகள். சிரிப்பைக் கொண்டுசெல்வது அதைவிடக் கடினம், ஏனெனில் அது பெரும்பாலும் பேச்சுவழக்கை நம்பியிருக்கும். இங்கே அது சூழ்நிலையை நம்பியிருக்கிறது. இளைய மகளாகத் தமிழில் நடித்த ராஜஸ்ரீயே இந்தியிலும் அந்த வேடத்தில் வந்து, ஷசி கபூர், கிஷோர் குமாரோடு இயல்பாகப் பொருந்தியதற்கும் அதுவே காரணம். இரண்டே ஆண்டுகளில், 1968இல், 'படோசன்' படத்தில் அதே மெஹ்மூத் தமிழ்ப் பாட்டு வாத்தியாராக வந்தபோது, அவர் இந்தி பேசிய விதமே கேலிப்பொருளாயிற்று. திறமையில் குறைவில்லை. ஆனால் தமிழும் உருதும் ஒரே கடைத்தெருவில் புழங்கும் நம் வட்டாரத்தில் அந்தச் சிரிப்பு எல்லோருக்கும் ஒன்றாக இராது. 'பியார் கியே ஜா' யாருடைய நாக்கையும் பழிக்காமல் சிரிக்கவைத்தது.

மறுப்பு ஒன்று எழலாம். கிழவேடம் கட்டிய நண்பன்தான் மூத்த மகளின் காதலன். அவன் உண்மையிலேயே பணக்கார வீட்டுப் பிள்ளை. எனவே மூத்த மகளுக்குப் பணக்கார மாப்பிள்ளையே வாய்க்கிறான், பணத்தின் ஆட்சி கலையவில்லை எனலாம். உண்மைதான். இளைஞன் கேட்ட வேலையும் காதல் தொடங்கியதும் பேச்சிலிருந்து மறைந்துவிடுகிறது. இவை படத்தின் எல்லைகள். ஆனால் முதலாளி தோற்பது வாதத்திலோ சண்டையிலோ அல்ல. மதிக்கத் தகாதவன் என்று விரட்டியவனையே தம் கையால் உபசரித்துத் தோற்கிறார். சமத்துவத்தை உரையாடலில் போதித்த எத்தனையோ படங்களைவிட அந்த உபசாரக் காட்சிகள் ஆழமாக வெட்டுகின்றன.