கெண்டைக்காலில் ஒரு 'இரண்டாவது இதயம்'... உட்கார்ந்தே வேலை பார்க்கிறீங்களா? இதைப் படிங்க!

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகும் வழியில், பாலுசெட்டி சத்திரத்தை ஒட்டி இருக்கிறது திருப்புட்குழி. விஜயராகவப் பெருமாள் கோயிலால் பலருக்கும் தெரிந்த ஊர். இந்த வட்டாரத்தின் இன்னோர் அடையாளம், பட்டுத்தறி. குழித்தறியில் நெசவாளர் உட்கார்ந்துதான் வேலை பார்க்கிறார். ஆனா, கால் சும்மா இருக்காது. குழிக்குள் இருக்கும் மிதிகளை மாறி மாறி மிதித்துக்கொண்டே இருக்கும். அந்தக் கால் அசைவு இதயத்துக்கும் ஓர் உதவி. எப்படி?

ஒண்ணுக்குள் ரெண்டு பம்ப்

இதயம் நம் கை முஷ்டி அளவுதான். உள்ளே நான்கு அறைகள். வலப்பக்கம், ஆக்சிஜன் குறைந்த ரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்பும். அங்கே ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டு திரும்பும் ரத்தத்தை, இடப்பக்கம் உடம்பு முழுக்கத் தள்ளும். ஒரு துடிப்புக்கு சுமார் 70 மி.லி, நிமிடத்துக்கு 72 துடிப்பு. கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு சுமார் 5 லிட்டர். நம் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே ஏறக்குறைய அவ்வளவுதான்!

போறது ஈஸி, திரும்புறது?

ரத்தத்தைக் கொண்டுபோவது தமனி, திருப்பிக் கொண்டுவருவது சிரை. பாதம் வரை போய்ச் சேர்வதற்குள் இதயம் கொடுத்த அழுத்தம் பெருமளவு குறைந்துவிடும். அங்கிருந்து மேலே ஏறணுமே? அங்கேதான் கெண்டைக்கால் சதை கைகொடுக்கிறது. நடக்கும்போது அது சுருங்கி, உள்ளே இருக்கும் சிரைகளைப் பிழியும். ரத்தம் மேலே போகும். மறுபடி கீழே இறங்காமல் சிரைக்குள் இருக்கும் வால்வுகள் தடுக்கும். ரத்தம் உடம்பைச் சுற்றி வருகிறது என்பதை விளக்கி 1628-ல் நூல் வெளியிட்ட வில்லியம் ஹார்விக்கு, இந்த வால்வுகள் ஒரு முக்கியச் சான்று. கெண்டைக்காலை 'இரண்டாவது இதயம்' என்பது இதனால்தான்.

அசையாம இருந்தா?

ரத்தம் காலிலேயே தேங்கும். பாதம் வீங்கும், கால் கனக்கும். சிலருக்கு ஆழத்தில் இருக்கும் சிரையில் ரத்தம் உறைந்து கட்டியாகும். அது பிய்த்துக்கொண்டு வலது இதயம் வழியாக நுரையீரலுக்குப் போய் அடைத்தால், உயிருக்கே ஆபத்து. 1940-ல் குண்டுவீச்சுக்குப் பயந்து லண்டன் மக்கள் பதுங்கிடங்களில் சாய்வு நாற்காலிகளில் விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் சிலர் இப்படி இறந்ததை கீத் சிம்ப்சன் என்ற மருத்துவர் அப்போதே பதிவு செய்தார்.

என்ன செய்யலாம்?

* அரை மணி, முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்து நாலு எட்டு நடங்க. போன் வந்தால் நடந்துகொண்டே பேசலாம்.

* எழ முடியாத மீட்டிங்கா? குதிகாலையும் முன்பாதத்தையும் மாறி மாறித் தூக்கி இறக்குங்க. தறி மிதிப்பது மாதிரியேதான்!

* பஸ், ரயில், விமானம் என நீண்ட பயணத்திலும் இதையே செய்யுங்க. தண்ணீர் குடிக்க மறக்காதீங்க.

* ஒரு காலில் மட்டும் வீக்கம், வலி, சூடு இருந்தால் நீங்களே நீவிவிட வேண்டாம். உடனே டாக்டரைப் பாருங்க. திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி வந்தால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்க.

மிதி மிதிக்கும் நெசவாளரும் அவ்வப்போது குழியைவிட்டு எழுந்து நடப்பது நல்லது. காலே அசையாத சேர்ல உட்கார்ந்திருக்கும் நாம இன்னும் அடிக்கடி எழுந்திருக்கணும். இந்தக் கட்டுரையை உட்கார்ந்து படிச்சிருந்தா, இப்பவே எழுந்து ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க!