மலையை விட்டுப் போன மண்

இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்கு உரமூட்டை வந்த சரித்திரத்தைச் சொல்லப் புகுமுன், அம்மூட்டைக்கு முந்தி அங்கிருந்து போன மண்ணின் சரித்திரத்தைச் சொல்லியாக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிக்காக வெள்ளைத் துரைமார் வனத்தை வீழ்த்தித் தீயிட்டபோது, யுகயுகமாக இலைகள் உதிர்ந்து மக்கிய கரிய மேல்மண்ணும், அதன்மீது படிந்த சாம்பலும் முதற் சில வருஷங்கள் செடிகளுக்கு வாரி வழங்கின. ஆயினும், புல்லொன்றும் தலைகாட்டலாகாது என்று சரிவெங்கும் சுரண்டி வைத்த வழக்கத்தால், மழைதோறும் அந்த மேல்மண் ஓடைகளில் இறங்கி மகாவலி, களனி ஆறுகளோடு கலந்து போயிற்று. போன வளத்தை ஈடுசெய்யச் சாணமும் எலும்புத்தூளும் புண்ணாக்கும் இட்டுப் பார்த்தார்கள். ஆனால் 1869-இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியையே கொண்டு போயிற்று. 1867-இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் பயிரிட்டிருந்த தேயிலை, பின்னர் மலைநாடெங்கும் பரவி, பல இடங்களில் இவ்வாறு இளைத்துப்போன நிலத்திலேயே வேரூன்றியது.

தேயிலையோ, கனியையன்றித் தன் இளந்தளிரையே வாரந்தோறும் கொடுக்கும் செடி. உலர்ந்த தேயிலையில் நூற்றுக்கு ஏறக்குறைய நான்கு பங்கு நைதரசன் இருப்பதால், 1,000 கிலோ தேயிலை கப்பலேறும்போது சுமார் 40 கிலோ நைதரசனும், அதில் ஏறக்குறைய பாதியளவு பொட்டாசியமும் மலையைவிட்டு நிரந்தரமாக நீங்குகின்றன. 1925-இல் ஸ்தாபிக்கப்பட்டுப் பின்பு தலவாக்கலையில் சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைபெற்ற தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில், இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட் ஆராய்ச்சிக் களத்தில் பணியாற்றிவிட்டு வந்த ஈடன் என்னும் ரசாயன நிபுணர் நடத்திய பரிசோதனைகள், கொழுந்தைப் பெருக்குவதில் நைதரசனுக்குள்ள முதன்மையை நிலைநாட்டின. ஆகவே நைதரசன் தரும் அமோனியம் சல்பேற்று மூட்டைகள் தோட்டந்தோறும் ஏறின.

இங்கேதான் மண்ணின் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அமோனியம், மண்ணிலுள்ள நுண்ணுயிர்களால் நைத்திரேற்றாக மாறுகையில் அமிலம் பிறக்கிறது. அவ்வமிலம் பெருகப் பெருக, கல்சியமும் மக்னீசியமும் பொட்டாசியமும் மழைநீரோடு கழுவுண்டு போக, பொசுபரசோ இரும்போடும் அலுமினியத்தோடும் பிணைந்து வேருக்கு எட்டாததாகிறது. தேயிலை புளித்த மண்ணை விரும்புவதே; ஆனால் கார அமில அளவு (pH) 4.5-க்குக் கீழே இறங்குமாயின் அதற்கும் பொறுக்காது. ஆதலின் செடிகளைக் கத்தரிக்கும் கவ்வாத்துக் காலத்தில் டொலமைற்றுத் தூவி அமிலத்தைத் தணிக்கும் முறை ஏற்பட்டது. ஒரு கையால் நைதரசனைக் கொடுத்து, மறு கையால் அதன் விளைவைத் தணிக்கும் இந்த முறையை நான் குறைகூறவில்லை. மேல்மண் போனபின் வேறு வழியிருக்கவில்லை.

போன மண்ணை மீட்கும் யோசனையும் தாமதமாகவேனும் வந்தது. மண்ணரிப்பை ஆராய்ந்த குழுவின் அறிக்கை 1931-இலும், மண் பாதுகாப்புச் சட்டம் 1951-இலும் வெளிவந்தன. முள்முருங்கையை நட்டு அதன் கிளைகளை வெட்டிப் பரப்பினார்கள். பழைய தேயிலையைப் பிடுங்கிய மலையில், மறுபடி நடுமுன் ஏறக்குறைய இரண்டு வருஷம் குவாத்தமாலாப் புல்லை வளர்த்து மண்ணுக்கு ஓய்வு கொடுத்தார்கள். கவ்வாத்து மலையில் விழும் மிலாறு, அதாவது வெட்டிய கிளைகள், மண்ணுக்கே சேர வேண்டும் என்பது சாஸ்திரம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து அடுப்புக்கு வேறு விறகு கொடாமல் அந்தச் சாஸ்திரத்தை அவர்களுக்குப் போதித்தல் நியாயமாகாது என்பது என் எண்ணம். வடிகாலான கான் வெட்டி, கல்லடுக்கி, மிஞ்சிய மண்ணைப் பிடித்து நிறுத்திய கரங்கள் அவர்களுடையவையே.

2021-ஆம் ஆண்டின் நடுவே அரசாங்கம் ரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று தடைசெய்து, நவம்பரில் விலக்கியது. அதற்கு மாற்றாக முன்வைத்த மக்கிய உரத்தின் மேன்மையை மறுப்பாரில்லை. எனினும் நூற்றைம்பது வருஷங்களாகக் கரைந்த வளத்தை ஒரு வர்த்தமானி அறிவித்தலால் மீட்க முடியாது. 2022-இல் நாட்டின் தேயிலை ஏறக்குறைய 25 கோடி கிலோவாக, கால் நூற்றாண்டு காணாத அளவுக்குத் தாழ்ந்தது. குறித்த கிலோ கொழுந்து தராசில் நின்றால்தான் முழுப்பேர், அதாவது முழுநாட் சம்பளம், கிடைக்கும் தோட்டங்களில், அந்தக் குறைவு முதலில் வந்து சேர்ந்தது கொழுந்துக் கூடை சுமக்கும் பெண்களின் சம்பளத்தில்.