அரண்மனைப் படியும் சிற்றில் மணலும்

மகாளய அமாவாசையன்று தர்ப்பணமும் போஜனமும் முடிந்து, வீட்டு ஆண்கள் திண்ணையில் சற்றே கண்ணயரும் வேளையில், கூடத்தில் டிரங்குப் பெட்டிகள் இழுபடும் ஓசை கேட்கத் தொடங்கினால் கொலு வந்துவிட்டது என்று அர்த்தம். இக்காலத்தில் திருகாணி பூட்டிய இரும்புப் படிகள் கடையில் கிடைக்கின்றன. ஆனால் எங்கள் பாட்டியார் காலத்துப் படிகளோ, மண்ணெண்ணெய் டின்களும், அரிசிப் பெட்டியும், தாத்தாவின் சட்டப் புஸ்தகங்களும், எதிர்வீட்டிலிருந்து இரவல் வந்த பலகைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நின்று, மேலே ஒரு மல் வேஷ்டியைப் போர்த்ததும் ஒரு ராஜசபையாக மாறிய இந்திரஜால சிருஷ்டிகள். மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படையாகவே அவை அமைய வேண்டும் என்பதில் பாட்டியாருக்கு இருந்த பிடிவாதம், படிகளுக்கடியில் முட்டுக் கொடுக்கும் செங்கல் எத்தனை என்பதில் இருந்ததில்லை.

ராஜசபை என்று சொன்னது உபசாரத்துக்காக அன்று. கொலு என்ற சொல்லின் பொருளே அதுதான். தெலுங்கில் ‘கொலுவு’ என்றால் அரசன் பரிவாரங்களோடு வீற்றிருக்கும் ஓலக்கம். அவனிடம் ஒருவன் புரியும் ஊழியத்துக்கும் அதே பெயர்தான். கொலுமண்டபம், கொலுவிருத்தல் என்று நாம் சர்வ சாதாரணமாகச் சொல்லும் சொற்களெல்லாம் அந்த அரசவையின் வாசனையைச் சுமந்தவை. ஆந்திர தேசத்தில் இதைப் பொம்மல கொலுவு என்கிறார்கள். அங்கே பல வீடுகளில் சங்கராந்திக்கும் பொம்மை வைப்பதுண்டு. மைசூர்ச் சீமையில் இதற்குப் பொம்பெ ஹப்பம், அதாவது பொம்மைத் திருநாள், என்று பெயர். ஆகவே, நவராத்திரியில் நம் வீட்டுக் கூடத்தில் நடப்பது, பொம்மைகள் கூடி நடத்தும் ஒரு தர்பார் என்றே கொள்ள வேண்டும்.

அந்தத் தர்பாரின் மூலத்தைத் தேடிப் போகிறவன் துங்கபத்திரைக் கரைக்குத்தான் போய்ச் சேர வேண்டும். 1443-ஆம் ஆண்டில், தைமூரின் குமாரரான ஷாருக் என்னும் ஹீராத் மன்னரின் தூதராக விஜயநகரத்துக்கு வந்த அப்துர் ரசாக் என்ற பாரசீகர், அங்கே மகாநவமி வைபவத்தைக் கண்டு பிரமித்து எழுதி வைத்திருக்கிறார். விசாலமான ஒரு மைதானத்தில் இரண்டடுக்கு, மூன்றடுக்கு, ஐந்தடுக்கு என்று மண்டபங்கள் எழுப்பப்பட்டிருந்தன என்றும், அவற்றின் உச்சி முதல் அடிவரையில் மனிதர், மிருகம், பறவை, ஏன், ஈயும் கொசுவும் ஈறாகச் சகல ஜீவராசிகளின் உருவங்களும் தீட்டப்பட்டிருந்தன என்றும், அவற்றுள் சில மண்டபங்கள் கணத்துக்கொரு முகமாகச் சுழன்று திரும்பின என்றும் அவர் சொல்லுகிறார். இதைப் படித்தபோது, ஹீராத்திலிருந்து வந்த அந்த மனிதர் நம்மில் யாரோ ஒருவர் வீட்டுக் கொலுவைத்தான் ஒரு பெரிய பூதக்கண்ணாடி வழியே பார்த்துவிட்டாரோ என்று எனக்குத் தோன்றியது. அடுக்கு இருக்கிறது; அடுக்கின்மேல் உலகத்து உயிர்கள் அனைத்தும் இருக்கின்றன; சுழலும் பொம்மைகூட இருக்கிறது. சுண்டல் மட்டுந்தான் குறை.

கிருஷ்ணதேவராயர் காலத்தில் அந்நகரத்தைக் கண்ட டோமிங்கோ பயஸும், அவருக்குச் சில ஆண்டுகள் பின்னே வந்த நூனிஸும் போர்த்துக்கீசியர்கள். அவர்களும் இந்த ஒன்பது நாள் உற்சவத்தை வியந்து எழுதியிருக்கிறார்கள். அந்த நாட்களிலேதான் நாயகர்மார் மன்னருக்குச் செலுத்த வேண்டிய வரிப்பொருளைச் செலுத்தினர் என்று நூனிஸ் குறிப்பது, கவனிக்கத்தக்க ஒரு செய்தி. யார் யார் எந்த ஸ்தானத்தில் நிற்பது, யார் அரசனுக்கு எவ்வளவு சமீபத்தில் அமர்வது என்பதையெல்லாம் ஊரறிய நிர்ணயிக்கும் திருநாள் அது. படிக்கட்டு என்னும் அமைப்புக்கு அதைவிடப் பொருத்தமான சந்தர்ப்பம் ஏது? இன்றும், அந்நகரம் இருந்த ஹம்பியில், மகாநவமி திப்பா என்ற கல்மேடை, அடுக்கடுக்காக, யானையும் குதிரையும் வேட்டுவரும் ஆடல் மகளிரும் வரிவரியாகச் செதுக்கப்பட்டு, மேலே அமர்வதற்கு அரசன் இல்லாமல் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கிறது.

1565-இல் தலைக்கோட்டைப் போரோடு அந்நகரம் அழிந்தது. ஆனால் உற்சவம் அழியவில்லை. விஜயநகரத்தின் பிரதிநிதிகளாகத் தமிழ்நாட்டுக்கு வந்து பின்னர் தாமே அரசராகிவிட்ட மதுரை, தஞ்சை நாயக்கர்கள் அதைத் தங்களோடு கொண்டுவந்திருந்தார்கள். 1610-இல் மைசூர் மன்னர் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தசராவைத் தொடங்கியது, பழைய பேரரசின் வாரிசு தாமே என்று அறிவித்தது போலத்தான். மதுரையைத் திருமலை நாயக்கர் ஆண்டபோது, மைசூர்ப் படைக்கு எதிராக அவருக்குத் துணை நின்ற ரகுநாத சேதுபதிக்குக் கிடைத்த வெகுமதிகளில் ஒன்று என்ன தெரியுமா? மதுரையில் நடப்பது போலவே இராமநாதபுரத்திலும் நவராத்திரி கொண்டாடிக்கொள்ளலாம் என்ற உரிமை! நிலமும் பொன்னும் கொடுப்பது போல ஒரு பண்டிகையைக் கொடுத்திருக்கிறார்கள். அந்த உரிமையைச் சேதுபதிகள் எவ்வளவு அருமையாகப் போற்றினார்கள் என்பதற்கு, ஆங்கிலேயர் காலத்தில் வெறும் ஜமீன்தாராக ஒடுங்கிவிட்ட பிறகும், 1892-இல் பாஸ்கர சேதுபதி நடத்திய ஆடம்பரமான நவராத்திரி ஒன்றே சாட்சி.

அரண்மனையிலிருந்து இந்தக் கொலு வீட்டுக் கூடத்துக்கு இறங்கி வந்த காரியத்துக்குக் கல்வெட்டும் இல்லை, செப்பேடும் இல்லை. பெண்கள் செய்த காரியங்களுக்கு மெய்க்கீர்த்தி பாடும் வழக்கம் நம்மிடம் என்றைக்குமே கிடையாது. ஆனால் கொலுப்படியிலேயே ஒரு சாட்சி நின்றுகொண்டிருக்கிறது: மரப்பாச்சி. திருப்பதி, கடப்பைப் பக்கத்து மலைகளில் விளையும் செஞ்சந்தன மரத்தில் கடைந்தெடுத்த, கைகள் உடம்போடு ஒட்டிய, வாயும் மூக்கும் பேருக்கு மட்டும் கீறிய அந்த ஆண் பெண் இணையை, எத்தனை எளிய வீடானாலும் ராஜா ராணி என்றுதான் அழைப்பார்கள். புக்ககம் புகும் பெண்ணுக்குத் தாய்வீட்டார் அந்த இணையைச் சீராகக் கொடுப்பதும், அவள் வைக்கும் முதற் கொலுவில் அதற்கே முதல் ஸ்தானம் தருவதும் சம்பிரதாயம். மைசூரில் இதே ஜோடிக்குப் பட்டத பொம்பெ, பட்டத்துப் பொம்மை, என்றே பெயர். ஆக, பட்டம் சூடிய ராஜா முன்னே வந்து நிற்க, தெய்வங்களும் மனிதர்களும் அவருக்குப் பின்னே பரிவாரமாக வந்து சேர்ந்தவர்கள் என்பது என் அபிப்பிராயம். குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் அந்த ராஜாவையே கல்லில் உரைத்து மருந்தாகக் கொடுத்துவிடும் பாட்டிமார்களும் உண்டு. குடிகளுக்காக இவ்வளவு தேய்ந்த அரசர் வேறு யார்?

இதுவரை சொன்னது படியின் கதை. ஆனால் கொலு என்பது படி மட்டுமா? படிகளின் அடியில், தரையில், மணலைக் கொட்டி வரப்புக் கட்டி, அதில் கடுகும் கேழ்வரகும் வெந்தயமும் தெளித்து முளைக்கவிட்டு, ஓர் உடைந்த கண்ணாடித் துண்டைக் குளமாகப் பதித்து, கரையில் ஒரு கொக்கை நிறுத்தி, தீப்பெட்டிகளால் வீதி சமைத்துச் சிறுமிகள் உண்டாக்கும் ஊர் ஒன்று இருக்கிறதே, அது எந்த விஜயநகரத்திலிருந்து வந்தது? அதற்கு நாம் துங்கபத்திரைக்குப் போக வேண்டியதில்லை. மணலில் சிற்றில் இழைப்பதும், பஞ்சாய்க் கோரையைக் கிழித்துப் பாவை முடைவதும், வண்டல் மண்ணைப் பிசைந்து பாவை செய்து விளையாடுவதும் சங்கத் தமிழ்ச் சிறுமியரின் அன்றாடக் காரியங்கள். ஆண்டாள் தோழியரோடு கட்டிய சிற்றிலைக் கண்ணன் சிதைக்க வருகிறான். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் அந்தச் சிறுமியரின் வேண்டுகோளையே ஒரு பருவமாக வகுத்துவிட்டார்கள். மேலே உள்ள படி வந்தேறிய அரண்மனை; கீழே உள்ள மணல் இந்த மண்ணின் சிற்றில். இரண்டும் ஒரே கூடத்தில் ஒன்பது நாள் சேர்ந்திருக்கும்போது, விருந்தாளிகள் படியைப் பார்க்கிறார்கள். குழந்தைகளோ மணலை விட்டு எழுந்திருப்பதில்லை. நான் இந்த விஷயத்தில் குழந்தைகளின் கட்சி.

இனி, பொம்மை செய்வோரைப் பற்றிச் சொல்லாமல் போனால் அது தோஷம். பண்ருட்டியிலும், மதுரைக்கு அடுத்த விளாச்சேரியிலும், காஞ்சிபுரத்துப் பொம்மைக்காரத் தெருவிலும், குயவர் குடியிருப்பென்பதைப் பெயரிலேயே வைத்துக்கொண்டிருக்கும் சென்னைக் கொசப்பேட்டையிலும், நவராத்திரிக்குப் பல மாதங்கள் முன்பே வேலை தொடங்கிவிடும். களிமண்ணை ஊறவைத்து, கல்லும் வேரும் களைந்து, மணல் சேர்த்துக் காலால் மிதித்துப் பதமாக்கி, அடை தட்டுவது போலத் தட்டி, முன்பாதிக்கு ஓர் அச்சு, முதுகுக்கு ஓர் அச்சு என்று இரண்டிலும் அழுத்துகிறார்கள். சற்று இறுகியதும் அச்சிலிருந்து எடுத்து, இரண்டு பாதிகளையும் மண்குழம்பால் ஒட்டி, ஈரத்துணியால் ஒட்டு தெரியாமல் நீவி, அடியில் ஒரு துளை விடுகிறார்கள். அந்தத் துளை இல்லாவிட்டால் சூளையில் உள்ளே அடைபட்ட ஆவி, லட்சுமியென்றும் பார்க்காமல் வெடித்துவிடும். நிழலிலும் பிறகு வெயிலிலும் உலர்த்திச் சுட்டெடுத்து, வெள்ளை பூசி, வர்ணம் தீட்டி, எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் கண் எழுதுவார்கள். கண் எழுதும் கை குடும்பத்தில் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. காகிதக்கூழில் செய்யும் பொம்மைகளுக்குச் சூளை வேண்டாம், வெயில் போதும். ஆனால் புரட்டாசி மேகத்தை நம்பி யாரால் இருக்க முடியும்? அவ்வளவு பாடுபட்டு ஊரார் கொலுவுக்கெல்லாம் தெய்வங்களை அனுப்பி வைத்த அந்த வீடுகளில், அவர்களுக்கென்று படி கட்டிக் கொலு வைக்கும் வழக்கம் பெரும்பாலும் இருந்ததில்லை. அது பெருந்தெருக்களில் வசித்த, வசதி படைத்த சில ஜாதியாரின் பண்டிகையாகவே நெடுங்காலம் இருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

பொம்மைகளின் முகம் காலத்தோடு மாறியது. ராஜா ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சுக்கூடம் நிறுவி, வர்ணப் படங்களை வீடுதோறும் பரப்பிய பிறகு, தாமரைமேல் நிற்கும் லட்சுமியும் பாறைமேல் அமர்ந்து வீணை மீட்டும் சரஸ்வதியும் சுவரிலிருந்து இறங்கிப் படியில் ஏறினார்கள். பிற்பாடு கோவில்பட்டி கொண்டையராஜுவின் காலண்டர்ப் படங்கள் அந்த வேலையைத் தொடர்ந்தன. பாண்டு வாத்தியக்காரர்களும், சிப்பாயும், கைத்தடி ஊன்றிய காந்தியும் ஒருவர்பின் ஒருவராகச் சபைக்கு வந்து சேர்ந்தார்கள். கடலையும் பருப்பும் பரப்பிய கடையோடு அமர்ந்திருக்கும் தொந்திச் செட்டியாரும் அவர் மனைவியும் மட்டும், யார் ஆட்சிக்கு வந்தாலும் போனாலும், கீழ்ப்படியில் தம் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. வியாபாரம் என்றால் அப்படித்தான்.

கடையில் வாங்கியதைவிடக் கையால் செய்ததற்குத்தான் அந்நாளில் கௌரவம் அதிகம். பாசிமணியைக் கம்பியில் கோத்துக் கிளியும் அன்னமும் தோரணமும் செய்தார்கள்; பழம்பட்டின் சரிகைக் கரையைக் கத்தரித்து மரப்பாச்சிக்குப் பாவாடை தைத்தார்கள்; ஜிகினாக் காகிதத்தால் கிரீடமும், சோழியால் தேரும், ஏலக்காயால் மாலையும் உண்டாயின. இதற்கிடையே, 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரியான மால்ட் என்பவரின் மனைவி மார்த்தா தொடங்கிய லேஸ் வேலையைப் போன்ற கைத்தொழில்கள் பெண் பள்ளிக்கூடங்களில் இடம் பெற்று, கிறிஸ்தவப் பள்ளியில் கற்ற பின்னல் இந்து வீட்டுப் படியின் விரிப்பாகவும் வந்து அமர்ந்தது. வெளியே தம் திறமையைக் காட்ட வேறு சபை இல்லாத பெண்களுக்கு ஒன்பது நாள் ஒரு கண்காட்சி வாய்த்தது. வெற்றிலை பாக்கு வாங்க வந்தவர்கள் பாட்டுப் பாடிவிட்டு, பார்வையால் பாசிமணியை எண்ணிக்கொண்டு போவார்கள். மறு வருஷம் அவர்கள் வீட்டில் அதே கிளி, ஆனால் இரட்டைக் கிளியாக, தொங்கும்.

விஜயதசமி இரவில் ஆரத்தி ஆனதும், வீட்டின் கடைசிப் பெண் மரப்பாச்சி ராஜாவையும் ராணியையும் எடுத்து, முதற்படியிலேயே படுக்க வைப்பாள். சபை கலைந்தது என்பதற்கு அதுவே அடையாளம். மறுநாள் பொம்மைகள் ஒவ்வொன்றாகப் பழைய வேஷ்டிக் கிழிசலில் சுருண்டு பெட்டிக்குள் போக, பெட்டி பரணுக்கு ஏற, வேஷ்டி வண்ணான் கைக்கும் பலகைகள் எதிர்வீட்டுக்கும் தாத்தாவின் சட்டப் புஸ்தகங்கள் அலமாரிக்கும் திரும்பின. விரல் நீளம் வளர்ந்துவிட்ட கேழ்வரகு முளையைக் கொல்லைப் பசு தின்றது. மணலை மட்டும் பாட்டியார் கூடையில் அள்ளி, கிணற்றடியில், நாங்கள் விளையாடும் இடத்திலேயே கொட்டச் சொல்வார்.