சவப்பெட்டி சுமந்த விஞ்ஞானிகள்

2012 யூலை 10ஆம் திகதி, வெள்ளை மேலங்கி அணிந்த விஞ்ஞானிகள் ஒட்டாவாவில் ஒரு சவப்பெட்டியுடன் பாராளுமன்ற முன்றலுக்கு ஊர்வலமாகச் சென்றார்கள். அரசு ஆதாரங்களைச் சாகடித்துவிட்டது என்பதே அவர்களது முறைப்பாடு.

காரணங்கள் பல. அதில் ஒன்று எங்களையும் தொட்டது. பிறந்த நாடு, இனம், வருமானம் கேட்கும் நீண்ட குடிசன மதிப்பீட்டுப் படிவத்தை, விரும்பினால் நிரப்பலாம் என்று 2010இல் ஹார்ப்பர் அரசு மாற்றியது. தலைமைப் புள்ளிவிபரவியலாளர் முனீர் ஷேக் பதவி விலகினார். 2006இல் சுமார் 94 வீதமானோர் பதிலளித்தனர். 2011இல் சுமார் 69 வீதமானோர் மட்டுமே.

2015 தேர்தலில் லிபரல் கட்சி கட்டாயப் படிவத்தை மீட்பதாக வாக்களித்தது, வென்றதும் மீட்டது.

பதிவு என்றாலே பயந்து வாழ்ந்தவர்கள் நாங்கள். ஆனால் கணக்கில் விடுபட்டவரின் தேவை அரசின் கண்ணில் படாது. படிவத்தை நிரப்புங்கள். வாக்குக் கேட்டு வருவோரிடம், எந்த ஆதாரத்தை வைத்து முடிவெடுப்பீர்கள் என்று கேளுங்கள்.